கருவாடு வறுக்காத நாள்

உங்களுக்குக் கருவாடு பிடிக்குமா அம்மா?

ஐயோ, முகத்தைச் சுளிக்காதீர்கள். என் பையில் ஒன்றும் இல்லை. பிள்ளையின் மாற்றுத்துணி, பால் புட்டி, ஒரு பிஸ்கெட் பாக்கெட், அவ்வளவுதான். சும்மா பேச்சுக்குக் கேட்டேன். கூட்டுரோட்டில் ஏறி நேராக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்களே, அதுவே எனக்குச் சந்தோஷம். எங்கள் ஊர் ஆட்கள் ஒருத்தர்கூட என் பக்கத்தில் உட்கார்வதில்லை. இடம் இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு வருகிறார்கள், பாருங்கள். நிற்கட்டும். கால் வலிக்கிறது அவர்களுக்குத்தானே.

டேய் தர்ஷித்து, பாட்டியின் வளையலை இழுக்காதே. பெயர் நன்றாக இருக்கிறதா? நான்தான் தேடி வைத்தேன். ஊரில் யாருக்கும் வாயில் நுழையவில்லை. மாதம்மாக்கா 'தச்சி தச்சி' என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது இவனே தன் பேர் தச்சி என்கிறான்.

கருவாட்டைச் சொல்ல வந்தேன். எங்கள் சீங்கமேடு மலையடியில் இருக்கிற ஊர். மலையில் சந்தன மரம் உண்டு. மலையில் இருக்கிற மரம் மலையோடு இருந்தால் நமக்கு என்ன? குருவி சும்மா இருக்குமா? அங்கே பழத்தைத் தின்றுவிட்டு இங்கே எங்கள் வேலியில் உட்கார்ந்து எச்சம் போடும். ஒரு மழை பெய்தால் முளைத்துவிடும். முளைத்தது என்னவோ நம் நிலத்தில்தான். ஆனால் நம் இஷ்டத்துக்குத் தொட முடியாது. வெட்டக் கூடாது, விற்கக் கூடாது, பட்டுப்போய் விழுந்தால்கூட அடுப்பில் வைக்கக் கூடாது. எழுதிக் கொடுங்கள், நாங்களே வந்து வெட்டுகிறோம், பணத்தில் பங்கு தருகிறோம் என்று பாரஸ்ட்டுக்காரர்கள் கூட்டம் போட்டுச் சொன்னார்கள். சொன்னார்கள், இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒருத்தர் நம்பி எழுதிக் கொடுத்தார். வந்தார்கள், மரத்துக்கு நம்பர் போட்டார்கள், போனார்கள். அப்புறம் அந்த மனுஷன் திருடன் வந்துவிடுவானோ, நம் தலையில் விழுந்துவிடுமோ என்று அந்த மரத்துக்கு வாட்ச்மேனாகவே இருந்து செத்துப்போனார். மரம் இருக்கிறது.

அதனால் எங்கள் பெண்டுகள் அதன் பேரைக்கூட வாயால் சொல்வதில்லை. 'சர்க்கார் பிள்ளை' என்போம். களை எடுக்கிறபோது இரண்டு இலை விட்டு நிற்கும். பார்த்ததும் கிள்ளிவிடுவோம். சின்னதிலேயே முடித்துவிட்டால் பாவம் தெரியாது. வளர்ந்து முகம் பார்த்துவிட்டால்தான் கஷ்டம்.

கண்ணுக்குத் தப்பி வளர்ந்துவிட்டால்? அதற்கும் வழி இருக்கிறது. விற்கிறவர்கள் நாங்கள் இல்லை. அது திருட்டு. எங்கள் ஊரில் அந்தப் பழக்கம் கிடையாது. வெட்டி, வேரோடு தோண்டி, வைக்கோல் போருக்குள் காயவிட்டு, ஒரே நாளில் எரித்துச் சாம்பலாக்கிவிடுவோம். எரித்தால் வாசனை சும்மா விடுமா? மலை வரைக்கும் போகும். அங்கேதான் கருவாடு வருகிறது. ஒரு வீட்டில் சர்க்கார் பிள்ளை எரிகிற அன்றைக்குத் தெரு முழுக்கக் கருவாடு வறுக்க வேண்டும். எரிக்கிற வீட்டுக்காரிதான் வாங்கிக்கொண்டு வந்து வீட்டுக்கு வீடு கொடுப்பாள். காகிதத்தில் மடித்துக் கையில் வைப்பாள், பேச மாட்டாள். வாங்குகிறவளும் பேச மாட்டாள். கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைக்கிற மாதிரிதான். வாங்கிக்கொண்டால் வறுக்க வேண்டும். அது அர்த்தம்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். வந்த புதிதில் நானும் சிரித்தேன்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். மாதம்மாக்கா என்றால் என்னோடு பிறந்தவள் இல்லை. என் வீட்டுக்காரரின் அண்ணன் பெண்டாட்டி. ஒரே வாசல், நடுவில் ஒரு முள்வேலி. என் மூத்தார் திம்மராயன் போய்ச் சேர்ந்துவிட்டார். பாகம் பிரிக்கிறபோது பெரியவர் என்று அவருக்கு ஓட்டு வீடு. எங்களுக்கு மாட்டுக்கொட்டகை. மேலே தகர ஷீட் போட்டுக்கொண்டு இருக்கிறோம். வெயிலில் உள்ளே உட்கார்ந்தால் அப்பளம் மாதிரி பொரிந்துவிடுவோம். மழையில் எங்கே சட்டி வைப்பது, எங்கே பிள்ளையைப் போடுவது என்று தெரியாது. நான் ஒரு நாளாவது வாய் திறந்து கேட்டிருப்பேனா? கேட்டதில்லை. சிரித்த முகமாகத்தான் இருப்பேன். அம்சவேணிக்குக் கோபமே வராது என்று ஊரே சொல்லும். முந்தி சொன்னது.

போன ஐப்பசி மழையில் அக்காவின் மண்சுவர் அப்படியே உட்கார்ந்துவிட்டது. ஓடெல்லாம் தூள். அவள் தப்பித்ததே பெரிது. நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன். அதிகாரிகள் வந்து பார்த்து, அவள் பேருக்கு சர்க்கார் வீடு எழுதிவிட்டார்கள். பொங்கலுக்குள் கடைக்கால் போட்டு போட்டோ எடுத்தாக வேண்டும். போடாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அடுத்த ஆள் யார் என்கிறீர்களா? நான்தான். அதற்கு நான் என்ன செய்ய? வரிசையில் என் பேர் அங்கே இருந்தது.

அக்காவுக்கு வீடு மேல் வெறி. ஏன் என்றால் அவளுக்கு ஒரே மகள் வெண்ணிலா. ஓசூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்திருக்கிறது. தலைப்பிரசவம், மாசியில். அவள் மாமியார் ஒரு மாதிரி. நிறைமாசத்திலும் தண்ணீர்க் குடம் தூக்க வைக்கிறவள். "நாலு செவுரு இருந்தா அனுப்பறன், பொடவைய மறச்சிக் கட்டிகினு புள்ள பெத்துக்க என் மருமவ என்ன நாடோடியா?" என்று போனில் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து அக்காவுக்குத் தூக்கம் இல்லை. "அம்சா, நாலு செவுரு எழும்பிட்டா போதும்மே, மேல ஓலைய போட்டுக்கூட எம்பொண்ண கொண்ணாந்துடுவன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். எனக்குப் பக்கத்தில் யார் அழுதாலும் அழுகை வந்துவிடும்.

மேஸ்திரி வந்து கயிறு பிடித்தார். ஈசானிய மூலையில், சரியாகக் கயிறு போகிற இடத்தில், தொடை பருமனுக்கு அது நிற்கிறது. சர்க்கார் வீட்டுக்கு சர்க்கார் பிள்ளையே குறுக்கே. மூத்தார் உயிரோடு இருந்தபோது கிள்ள விடவில்லையாம். "பொறந்தது பொறந்துட்டுது, இருந்துட்டுப் போவட்டும்" என்று ஆட்டைக் கொண்டுவந்து அதில் கட்டுவாராம். நல்ல மனுஷன். நல்ல மனுஷர்கள் செய்துவிட்டுப் போகிறதை யார் அனுபவிப்பது?

எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தால் பொங்கல் போய்விடும். அக்கா வெட்டினாள். தானே வெட்டினாள் அம்மா, ஆள் விடவில்லை. பகலில், கீரை ஆய்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. வேரைத் தோண்டுகிறபோது நான்தான் கடப்பாரை எடுத்துக் கொடுத்தேன். அதையெல்லாம் ஊர் பேசுவதில்லை.

மார்கழி பிறந்ததும் ஒரு சந்தை நாள். அக்கா ஒரு கூடைக் கருவாடு வாங்கிக்கொண்டு வந்து வீடு வீடாகப் போனாள். எதிர் வீட்டுக் காவேரி கையில் வைத்தாள், அவளைத் தாண்டி எல்லார் கையிலும் வைத்தாள். கடைசியாக என்னிடம் வந்தாள். மற்றவர்களுக்கெல்லாம் நெத்திலி. எனக்கு வாளைக் கருவாடு, இவ்வளவு அகலம். எனக்கு வாளைதான் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். கையில் வைத்து என் விரலை மடக்கிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் அவள் பெரிய அடுப்பு மூட்டினாள், நெல் அவிக்கிற மாதிரி அண்டா வைத்து. தெருவில் வாணலிச் சத்தம் ஆரம்பித்துவிட்டது. நான் வறுக்கவில்லை.

பொறுங்கள், பொறுங்கள். நீங்களும் அந்தக் காவேரி பார்க்கிற மாதிரியே பார்க்கிறீர்களே. பிள்ளைக்குச் சளி அம்மா. மூக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. புகையில் வைக்காதே என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெற்றவளுக்குப் பிள்ளை முக்கியமா, கருவாடு முக்கியமா? நீங்களும் பெற்றவர்கள்தானே, சொல்லுங்கள்.

பிள்ளையா? பிள்ளை அப்போது அக்காவிடம் இருந்தான். வேறே எங்கே இருப்பான்? இவன் பிறந்ததும் எனக்கு ரத்தம் போய் நான் படுத்த படுக்கை. கால் நீட்டிப் போட்டு இவனைக் குளிப்பாட்டினது, தொப்புள் பார்த்தது, ராத்திரியெல்லாம் தோளில் போட்டு நடந்தது எல்லாம் அவள்தான். காலையில் கண் விழித்தால் இவன் வேலிச் சந்தில் நுழைந்து அங்கே போய்விடுவான். அன்றைக்கும் போய்விட்டான். நான் என்ன, கட்டியா போட முடியும்?

அப்புறம், பாரஸ்ட் கார்டை நான் கூப்பிட்டேன் என்கிறார்கள். கூப்பிட்டேன். ஏன் கூப்பிட்டேன்? எங்கள் மரவள்ளிக் காட்டைக் காட்டுப்பன்றி தோண்டுகிறது. வந்து பார்த்து எழுதினால்தான் நஷ்ட ஈடு. பன்றி ரொம்ப நாளாகத் தோண்டுகிறது, உண்மைதான். எனக்கு அன்றைக்குத்தான் போன் போட நேரம் கிடைத்தது. வீட்டு வேலை, மாட்டு வேலை, பிள்ளை. எப்போது நேரம் கிடைக்கிறதோ அப்போதுதானே செய்ய முடியும்.

சின்னப் பையன் அந்தக் கார்டு, திருமூர்த்தி என்று பேர். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தான். வெயிலில் வந்தவனுக்கு மோர் கொடுக்காமல் இருக்க முடியுமா? வேலியோரம் முருங்கை நிழல் இருக்கிறது, அங்கே சேர் போட்டேன். அங்கேதான் நிழல்.

"என்னக்கா, உங்க ஊர்ல இன்னிக்கு ஊரே கருவாடா?" என்றான்.

"ஆமா தம்பி, நேத்துச் சந்தையில்ல" என்றேன். பாருங்கள், காப்பாற்றத்தான் பார்த்தேன்.

"உங்க வீட்ல வறுக்கலியா?"

"புள்ளைக்குச் சளி."

அவன் மோர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவன் நிறுத்திவிட்டான். காற்று அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வந்தது. நடுவில் என் வீட்டுப் புகை இருந்திருந்தால் தெரிந்திருக்காது என்று காவேரி சொல்கிறாள். காற்றை நானா வரச் சொன்னேன்? மூக்கை இப்படித் தூக்கி, "என்னக்கா, கோயில் மாதிரி வாசனை வருது?" என்றான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஒரே வார்த்தைதான். "கோயிலு ஊருக்கு அந்தக் கோடியில இருக்குது தம்பி. இது எங்க மாதம்மாக்கா ஊடு." வழி சொன்னேன். அவ்வளவுதான். இதையா காட்டிக்கொடுத்தது என்கிறார்கள்?

அவன் வேலியைச் சுற்றிக்கொண்டு போனான், நானும் பின்னாலே போனேன். என் பிள்ளை அங்கே இருக்கிறானே. அக்கா கெட்டிக்காரி. அண்டாவுக்குக் கீழே கருவேல விறகை முன்னால் தள்ளி வைத்திருந்தாள். கருவாட்டைக் கசக்கிக் கையெல்லாம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவன் "கையக் காட்டுங்க" என்று குனிந்து மோந்து பார்த்து, உவ்வே என்று திரும்பிக்கொண்டான். அத்தோடு போயிருப்பான். நிஜமாகவே போயிருப்பான் அம்மா, வண்டிச் சாவியைக்கூட எடுத்துவிட்டான்.

இவன்தான். இந்தப் பயல் ஓடிவந்து அவன் காலைக் கட்டிக்கொண்டான். யூனிபார்மைக் கண்டால் இவனுக்குப் பிடிக்கும். அவன் தூக்கினான், கன்னத்தைக் கிள்ளினான். இவன் சும்மா இருப்பானா? கையை அவன் மூக்குக்கு நேராக நீட்டினான். கைக்குள்ளே ஒரு சிராய், சுண்டு விரல் அளவு. விளையாட எடுத்து வைத்திருக்கிறான். பல் முளைக்கிற பிள்ளை, கடித்துக் கடித்து வேறு வைத்திருந்தான்.

"குட்டி, இது ஏதுடா?"

"பெரிம்மா" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தப்பா அது? பிள்ளை பேசினால் சிரிப்பு வராதா? "புள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியாது சார்" என்று வாயில் வந்துவிட்டது.

அப்புறம் ஜீப்பு வந்தது. தண்ணீர் ஊற்றி அடுப்பை அணைத்தார்கள். உள்ளிருந்து வேர்க்கட்டை எடுத்தார்கள், பாதி எரிந்ததும் எரியாததும். அக்கா யார் காலிலும் விழவில்லை. "என் எடத்துல எம்புருசன் வளத்தது, எம்பொண்ணுக்கு ஊடு கட்ட எரிச்சன்" என்று ஒரே பேச்சு. ஜீப்பில் ஏறுகிறபோது என்னைப் பார்த்தாள். நான் ஏதோ திட்டப்போகிறாள் என்று பிள்ளையை இறுக்கிக்கொண்டேன். "அடுப்புல தண்ணி ஊத்திட்டானுங்க. புள்ளைக்குக் கஞ்சி வேகல. நீ வெச்சிக் குடு அம்சா" என்றாள். கோபம் இருந்தால் திட்டியிருப்பாளே? அவளுக்கே என் மேல் கோபம் இல்லை. ஊருக்குத்தான் கோபம்.

அந்த வாளைக் கருவாட்டை வீணாக்கவில்லை. மறுநாள் குழம்பு வைத்தேன். என் வீட்டுக்காரர் சென்றாயன் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு மூடின வாய், இன்னும் என்னிடம் திறக்கவில்லை. காடு, வீடு, தூக்கம். பேசாத புருஷனோடு குடித்தனம் நிம்மதிதான், சண்டை இல்லை பாருங்கள்.

ஊர் வேறு. தண்ணீர்க் குழாயில் நான் போனால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். கருவேப்பிலை ஒரு கொத்துக் கேட்டேன், காவேரி வாசலிலேயே நிற்கவைத்து, "ஏண்டி அம்சா, பாரஸ்ட்டுக்காரன கூப்புட்டுக் கேளேன். அவன் குடுப்பான், மோரு குடிச்ச வாயி" என்றாள். அவள் மகன் பிறந்தநாளுக்குத் தெருப் பிள்ளைகள் எல்லாருக்கும் கேக்கு, என் பிள்ளைக்கு இல்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பச்சைப்பிள்ளை என்ன பாவம் செய்தது? இவர்களுக்கெல்லாம் நெஞ்சில் ஈரமே இல்லை அம்மா.

அக்கா பெண்கள் ஜெயிலில் கொஞ்ச நாள் இருந்தாள். இப்போது கண்டிஷன் பெயில். தினமும் காலையில் டவுனுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வர வேண்டும். முந்தி அவள் கைநாட்டு. இப்போது போட்டுப் போட்டுக் கையெழுத்து அழகாக வந்துவிட்டதாம். ஒரு கெட்டதில் ஒரு நல்லது.

வெண்ணிலா வரவில்லை. ஜெயிலுக்குப் போன வீட்டுக்கு மருமகளை அனுப்ப மாட்டேன் என்று அந்த மாமியாருக்கு நல்ல சாக்குக் கிடைத்துவிட்டது. இந்த மாசம் பிள்ளை பிறந்ததாம். பெண் பிள்ளை. தாய்க்காரிக்குச் சொல்லக்கூட இல்லை. நான்தான் யாரோ சொல்லக் கேட்டு, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சத்தமாகச் சொன்னேன். சந்தோஷ சமாசாரம், நம்மோடு வைத்துக்கொள்ளக் கூடாது. வீடு இடிந்ததிலிருந்து தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருக்கிறாளே, அதற்குள்ளே இருந்தாள்.

இப்போது வீட்டு விஷயம். பொங்கல் போய்விட்டது, கடைக்கால் போடவில்லை. சட்டப்படி எனக்கு வர வேண்டும். ஊராட்சி கிளார்க்கு என்னடா என்றால், பாதிக்கப்பட்ட ஆள், விதவை, நாளைக்கு யாராவது கேள்வி கேட்பார்கள், அவளே 'எனக்கு வேண்டாம், கொழுந்தன் குடும்பத்துக்குக் கொடுங்கள்' என்று கையெழுத்துப் போட்டுத் தரட்டும் என்கிறார். யோசித்துப் பாருங்கள் அம்மா. அவளுக்கு இனிமேல் வீடு எதற்கு? மகள் வரப்போகிறாளா, பேத்தி வரப்போகிறாளா? ஒற்றை ஆள். நான் வீடு கட்டினால் பின்னால் ஒரு சாய்ப்பு இறக்கி அவளை வைத்துக்கொள்ள மாட்டேனா? பிள்ளையையும் பார்த்துக்கொள்வாள், நானும் நூறு நாள் வேலைக்குப் போய் வரலாம். எல்லாருக்கும் நல்லதுதானே?

காகிதம் எழுதித் தயாராக வைத்திருக்கிறேன். இந்தாருங்கள், பால் புட்டிக்குப் பக்கத்தில். கீழே கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அதோ, டிரைவருக்குப் பின் சீட்டில், ஜன்னலோரமாக ஊதாப் புடவை, முக்காடு போட்டுக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறாளே? அவள்தான் மாதம்மாக்கா. தினமும் இதே பஸ். கேட்டிருக்காது, கேட்டிருக்காது. டிரைவர் எவ்வளவு சத்தமாகப் பாட்டு வைத்திருக்கிறார், பாருங்கள்.

நான் போய் நீட்டினால் வாங்க மாட்டாள். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். அதனால் எனக்கு ஒரு உதவி செய்யுங்கள் அம்மா. இவனைத் தூக்கிக்கொண்டு முன்னால் போங்கள். காகிதத்தையும் பேனாவையும் இவன் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். பக்கத்தில் போனதும் அவள் மடியில் விடுங்கள், இவனே நீட்டுவான். இவன் கொடுத்து அவள் எதையும் வேண்டாம் என்றதில்லை. டேய் தச்சி, பாட்டியோடு போகிறாயா? பெரிம்மாகிட்டே குடு, என்ன? சமத்து. கம்பியைப் பிடித்துக்கொண்டு போங்கள் அம்மா, அடுத்த நிறுத்தத்தில் அவள் இறங்கிவிடுவாள். கையெழுத்து ஆனதும் பிள்ளையை உடனே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள், ரொம்ப நேரம் அவளிடம் விடாதீர்கள்.